ஒருமுறை அழுத்தினால் போதும்

லிஃப்ட் பொத்தானை இரண்டாவது முறை அழுத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதைக் கேட்பதற்காக நீங்கள் என்னை இந்த விசாரணை அறைக்குக் கூட்டி வரவில்லை என்று தெரியும், பாஷா. ஆனாலும் எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமே. எங்கள் அலுவலகம் சீதி காபர் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறது. மரக்கதவு வைத்த லிஃப்ட். ஆடி அசைந்துதான் வரும். ஒருமுறை அழுத்தினாலே பொத்தானில் விளக்கு எரிந்துவிடும். காதில் விழுந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டே மறுபடி மறுபடி அழுத்துகிறவன், உலகத்தில் தன்னைத் தவிர எல்லோரும் செவிடு என்று நினைக்கிறவன். வாயெல் அப்படித்தான் அழுத்துவான். தினமும் காலையில் அவன் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தேநீருக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, பரவாயில்லை.

உங்கள் எழுத்தர் என் தொழிலுக்கு நேராக ‘கணினி’ என்று மட்டும் எழுதிக்கொண்டார். அது போதாது. நான் இணையப் பக்கங்களுக்குக் காது வைக்கிறவன். பக்கத்தில் ஒரு பொத்தானை அழகாக வரைந்துவிட்டால் மட்டும் அது பொத்தானாகிவிடாது. யாராவது தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சின்ன நிரல் எழுதி அதில் மாட்டிவிட வேண்டும். அதற்குக் கேட்பான் என்று பெயர். நம் கட்டடங்களின் கீழே பெஞ்சு போட்டு உட்கார்ந்து வாசல் காக்கும் பவ்வாப் மாதிரிதான். யாரும் வராதவரை அவனுக்கு வேலை இல்லை. வந்தால் எழுந்திருப்பான், யாரிடம் போக வேண்டுமோ அங்கே அனுப்பிவைப்பான்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். விரலின் தொடுகை நேராகப் பொத்தானுக்குப் போய்விடுவதில்லை. அது தெருவாசலில் நுழைந்து, படியேறி, கூடத்தைத் தாண்டித்தான் உள்ளறைப் பொத்தானை அடைகிறது. வழியில் எங்கே வேண்டுமானாலும் ஒரு கேட்பானை உட்கார வைக்கலாம். தெருவாசலில் இருப்பவன் நினைத்தால் வந்தவரை அங்கேயே நிறுத்திவிடலாம். யாரோ வந்தார்கள் என்பதே மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. இது ஒரு குறை அல்ல. வசதி. நான் கண்டுபிடித்ததும் அல்ல.

வாயெல் கெய்ரோவிலிருந்து வந்தவன். என்னைவிட இளையவன், என்னைவிடச் சத்தமாகச் சிரிக்கிறவன். அவன் வருவதற்கு முன்பு அலுவலகத்தின் பக்கங்களில் பெரும்பாலானவை என் கையால் எழுதியவை. முதலாளி மக்தி என்னைக் கேட்காமல் எதையும் ஒத்துக்கொள்ளமாட்டார். பிறகு அந்த சோபா விவகாரம் நடந்தது. ஒரு மரச்சாமான் கடைக்குப் பக்கம் செய்திருந்தேன். வாங்குகிறவர் பொத்தானை ஒருமுறை தொட்டால் இரண்டு சோபாவுக்கு ஆர்டர் போனது. பொத்தானில் ஒரு பழைய கேட்பான் இருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். பழையது கழலவில்லை. அதற்கு நான் பெயர் வைத்திருக்கவில்லை. பெயரில்லாததைக் கழற்ற முடியாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. கழற்றச் சொல்லி வரி எழுதலாம். இயந்திரம் அதை அமைதியாக வாங்கிக்கொள்ளும், தவறு என்றுகூடச் சொல்லாது. ஆனால் ஒன்றும் நடக்காது. அவசரத்தில் அதைக் கவனிக்காமல் விட்டேன். எல்லோருக்கும் நடப்பதுதான்.

கடைக்காரர் எதிரிலேயே வாயெல் சிரித்தான்.

“பாஷ்மொஹந்திஸ் ஹாதெம் வெச்ச பவ்வாப் ரொம்ப மரியாதைக்காரன். ஒரு தடவை கூப்பிட்டா ரெண்டு தடவை ஓடி வர்றான்.”

கடைக்காரரும் சிரித்தார். மக்தி சிரித்தார். கணக்குப் பகுதியிலிருந்து எங்கள் வேலைக்கு மாறி வந்திருந்த பஸந்த்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். பாஷ்மொஹந்திஸ் என்றால் எங்கள் ஊரில் இன்ஜினியருக்குக் கொடுக்கிற மரியாதை. அதைச் சொல்லிவிட்டு அடுத்த வார்த்தையில் காலை வாரிவிடுவது அவனுக்குக் கைவந்த கலை. அன்றிலிருந்து என் பெயர் பவ்வாப். “பவ்வாப், கீழ போறப்ப எனக்கும் ஒரு மொச்சை சாண்ட்விச்.” “பவ்வாப், கதவைப் பாத்துக்கோ.” நான் கோபப்படவில்லை. கோபப்படுகிறவனைத்தான் மேலும் சீண்டுவார்கள். அட்டை ஒன்றை எடுத்துப் பெரிய எழுத்தில், ‘பெயரில்லாத கேட்பானை மாட்டாதே. மாட்டினால் கழற்ற முடியாது’ என்று எழுதி, தேநீர்க் கெட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். தவறைத் திருத்திக்கொள்கிற மனிதன் செய்வது அதுதான். அதற்கும் சிரித்தார்கள்.

நோன்புக்குச் சில மாதங்களுக்கு முன் அந்த நர்ஸ் வேலை வந்தது. வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு நர்ஸ் அனுப்புகிற சேவை ஒன்றை நடத்தும் டாக்டர் நக்வா எங்களிடம் வந்தார். கட்டில் பக்கத்தில் ஒரு டேப்லெட். அதில் எப்போதும் திறந்திருக்கும் ஒரே ஒரு பக்கம். பக்கத்தில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் முறைவேலையில் இருக்கும் நர்ஸின் போன் அலற வேண்டும். இவ்வளவுதான் வேலை. மக்தி அதை வாயெலிடம் கொடுத்தார். என்னிடம் திரும்பி, “நீ கூடமாட இரு ஹாதெம், எழுத்து, நிறமெல்லாம் பாத்துக்கோ” என்றார். இத்தனை வருடம் காது வைத்தவனை வர்ணம் பூசச் சொன்னார்கள். பூசினேன். பொத்தானுக்குக் கீழே ‘ஒருமுறை அழுத்தினால் போதும்’ என்று சிறிய எழுத்தில் ஒரு வரி போட்டது நான்தான். அந்தப் பக்கத்தில் என்னுடையது என்று இருந்தது அந்த வரி மட்டும்தான். அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் டேப்லெட்டை வாயெல் தன் அம்மாவின் கட்டிலருகில் வைத்தான். தன் வேலையைத் தன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கிறான் என்று மக்திக்குப் பெருமை. அம்மா பெயர் இக்பால். மக்காவுக்குப் போய் வந்தவர் என்பதால் எல்லோரும் ஹக்கா என்றே கூப்பிடுவார்கள். நுரையீரல் பாழாகி, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு முஹர்ரம் பே பகுதியில் ஒரு பழைய வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். குழாய் சற்று விலகினாலும் தானாக எடுத்து வைத்துக்கொள்ளும் தெம்பு கையில் இல்லை. எதிர்வீட்டுக்காரி பகலில் வந்து உட்கார்ந்திருப்பாள். டேப்லெட்டைச் சுவரில் பொருத்த ஆள் வேண்டும் என்று வாயெல் என்னையும் கூட்டிப்போனான்.

ஹக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“நீதானாப்பா அந்த பவ்வாப்?”

வாயெல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

“கோச்சுக்காதப்பா,” என்றார் ஹக்கா. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார். “பவ்வாப் இல்லாட்டி எனக்கெல்லாம் ரொட்டி யாரு கொண்டாந்து தர்றது? நல்ல வேலைதான் அது. இவன் தினமும் உன்னப் பத்திச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நானும் சிரிச்சுச் சிரிச்சு இருமிப் போவேன்.”

அவர் வேண்டுமென்று புண்படுத்தவில்லை. கிழவி, படுக்கையில் கிடப்பவர், பொழுதுபோக்க வேறு என்ன இருக்கிறது. என் பெயரை வைத்து ஒரு வீட்டில் தினமும் இரவுச் சாப்பாடு ருசித்திருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது, அவ்வளவே. சுவரில் திருகாணி முடுக்கினேன். தேநீர் கொடுத்தார்கள், குடித்தேன். நான் கோபப்படுகிறவன் இல்லை என்று சொன்னேன் அல்லவா.

பிறகு அந்தக் கேட்பானை எழுதினேன்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் இந்த இடத்தில் நான் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது போலிருக்கிறது. அதற்கு அவசியமில்லை. அது ஒரு நேர்த்தியான சின்ன வேலை. பொத்தானில் வாயெல் மாட்டியதை நான் தொடவே இல்லை. பக்கத்தின் தெருவாசலில் என்னுடையதை உட்கார வைத்தேன். ஒரு தொடுகை வந்தால் அதை ஒரு நொடி பிடித்து வைக்கும். பின்னால் வேறு தொடுகை வரவில்லை என்றால் மரியாதையாக உள்ளே அனுப்பிவிடும்; நர்ஸின் போன் அடிக்கும். தொடுகைகள் அடுத்தடுத்து அவசரமாக வந்தால் அவற்றையும், அதன்பின் தள்ளி வருவதையும் உள்ளே விடாது. எல்லாவற்றையும் விழுங்கிவிடும். விழுங்கிவிட்டு, ‘நர்ஸ் வந்துகொண்டிருக்கிறார்’ என்று திரையில் பச்சை எழுத்தில் காட்டும். ஒன்றும் காட்டாமல் விட்டிருக்கலாம். ஆனால் படுக்கையில் இருப்பவர் பதற்றப்படுவாரே என்று பச்சை எழுத்தைச் சேர்த்தேன். தலைமாட்டில் ஒரு சாதாரண போனும் இருந்தது. பச்சை எழுத்தைப் பார்த்தபின் அதை எடுக்க யாருக்கும் தோன்றாது.

என் நோக்கம் சிறியது. டாக்டர் நக்வாவுக்கு முழுப் பக்கத்தையும் காட்டுகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் எந்தப் பொத்தானையும் படபடவென்று குத்துகிறவர். எங்கள் அலுவலக மணியையே அப்படித்தான் அடிப்பார். அவர் குத்துவார், திரை பச்சையாகும், நர்ஸின் போன் சும்மா கிடக்கும். வாயெல் நெற்றி வியர்க்க நிற்பான். அப்போது நான் ஒரு வார்த்தை சொல்வேன். என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்: “உன் பவ்வாப் தூங்கிட்டான் போலிருக்கே வாயெல்.” அதற்குமேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வாயெல் தன் வழக்கத்தை மறந்து பொத்தானை ஒவ்வொரு முறையாக அழுத்தித்தான் சோதித்தான். மற்றவர்களின் லிஃப்டைக் குத்துகிறவன், தன் பொத்தானைப் பூப்போலத் தொட்டான். எல்லாச் சோதனையிலும் பக்கம் தேறியது.

புதிய நிரல் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமே. அதனால் ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் என் போன் அதிரும்படி ஒரு வரி சேர்த்தேன். அந்தப் பக்கம் அப்போது ஒரே ஒரு வீட்டில்தான் திறந்திருந்தது. ஆமாம், தெரியும். யார் வீடு என்று தெரியும்.

நோன்பு மாதத்தில் ஒருநாள் அலுவலகத்தில் எல்லோரும் ஒன்றாக இஃப்தார் சாப்பிடுவது எங்கள் வழக்கம். வருடா வருடம் ஏற்பாடு செய்கிறவன் நான். இந்த முறை பஹரியில், கடலைப் பார்த்த ஒரு மீன்கடையில் மேஜை சொன்னேன். வாயெல் வரமாட்டேன் என்றான்.

“மக்ரிப் நேரத்துல எதிர்வீட்டுக்காரி அவ வீட்டுல நோன்பு திறக்கப் போயிடுவா. உம்மா தனியா இருப்பாங்க. நீங்க போய்ட்டு வாங்க.”

“பொத்தான் இருக்கே,” என்றேன்.

“இருக்கு. இருந்தாலும்...”

“உன் பொத்தானை நீயே நம்பலேன்னா டாக்டர் நக்வா எப்படிப்பா நம்புவாங்க?”

எல்லோரும் ‘ஓ’ என்று இழுத்தார்கள். “வகையா மாட்டிக்கிட்டீங்க வாயெல்,” என்றாள் பஸந்த். மக்தியும் புருவத்தைத் தூக்கினார். வாயெலின் காது சிவந்தது. நான் பார்த்த வரையில் அவனை யாராவது மடக்கிய முதல் தடவை அது. நன்றாகத்தான் இருந்தது, மறைக்கமாட்டேன்.

“வர்றேன், போதுமா? என் பவ்வாப் உன்னோடத மாதிரி இல்ல,” என்றான்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். இதை நான் கைது செய்யப்பட்ட அன்றே சொன்னேன், யாரும் சரியாக எழுதிக்கொள்ளவில்லை. அன்று மதியம், எல்லோரும் கிளம்புவதற்கு முன்பே, என் கேட்பானைக் கழற்றச் சொல்லிக் கட்டளை அனுப்பினேன். திறந்திருக்கும் பக்கங்களுக்கு அலுவலகத்திலிருந்தே கட்டளை அனுப்ப எங்களிடம் வழி உண்டு; அந்தக் கேட்பானை மாட்டியதும் அப்படித்தான். அந்த வரி இப்போதும் இருக்கிறது, நீங்கள் பார்க்கலாம். நான் ஒரு மிருகமாக இருந்திருந்தால் அந்த வரியை எழுதியிருப்பேனா? அவன் அம்மா தனியாக இருப்பார் என்று தெரிந்ததும் கழற்றச் சொன்னேன். அதன்பிறகு மனநிறைவோடு ட்ராமில் ஏறினேன்.

பஹரியில் கூட்டம். கோட்டைப் பக்கம் நோன்பு திறக்கும் பீரங்கி வெடித்ததும் தெரு முழுக்கச் சத்தம் அடங்கி, எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் பேரீச்சம்பழத்துக்குப் போயின. நான் முதல் பழத்தை வாயில் வைத்தபோது மேஜைமேல் இருந்த என் போன் அதிர்ந்தது.

பழத்தை மென்றேன். மறுபடி அதிர்ந்தது. சூப் வந்தது. போன் தண்ணீர்க் கோப்பையை நோக்கி நகர்ந்துகொண்டே போனது. அதைக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்து வைத்தாலும் மரமேஜையில் அந்தச் சத்தம் கேட்கத்தான் செய்தது.

எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவன் வாயெல். இறாலை உரித்துக்கொண்டே சிரித்தான்.

“யா பவ்வாப், யாரோ உன்னை விடாம கூப்பிடறாங்கப்பா. எடுத்துப் பேசேன்.”

“ஏதோ விளம்பரம்,” என்றேன்.

“இஃப்தார் நேரத்துலயா? பாவம், எந்தப் பொண்ணோ. காக்க வைக்காத.”

மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன். போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அது என் நெஞ்சுமேல் அதிர்ந்துகொண்டே இருந்தது. வறுத்த மீன் வந்தது. மீன் நன்றாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும், அந்தக் கடையில் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். வாயெல் மென்மையான துண்டு ஒன்றை முள்ளெடுத்துத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து வைத்தான், உம்மாவுக்காம். இடையில் அதிர்வுகள் தள்ளித் தள்ளி வர ஆரம்பித்தன. கத்தாயிஃப் இனிப்புத் தட்டு மேஜைக்கு வந்தபோது போன் ஓய்ந்திருந்தது.

அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள்? எழுந்து நின்று, ‘வாயெல், உன் அம்மாவைப் போய்ப் பார்’ என்று சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். எந்த முகத்தோடு? எனக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்டிருப்பான். எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டியிருந்திருக்கும். மறுபடி சிரித்திருப்பார்கள், இல்லை அதைவிட மோசமாகப் போயிருக்கும். தவிர, நான்தான் கழற்றச் சொல்லிவிட்டேனே. கழன்ற கேட்பான் எப்படி அதிரும் என்று யோசித்தேன். போன் கோளாறாக இருக்கலாம் என்று முடிவு செய்தேன். அந்தச் சமயத்தில் அது நியாயமான முடிவாகவே பட்டது.

அவன் மீன் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனபோது ஹக்கா கட்டிலில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தார். மூக்கிலிருந்து குழாய் நழுவியிருந்தது. கை டேப்லெட்டின் விளிம்பில் இருந்தது. திரையில் பச்சை எழுத்து அப்படியே இருந்தது. சாதாரண போன் தலைமாட்டில் தொடப்படாமல் இருந்தது.

அடக்கத்துக்குப் போனேன். தோள் கொடுத்தேன். வாயெல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் நர்ஸோடு சண்டை போட்டிருந்தான். தனக்கு அழைப்பே வரவில்லை என்று அவள் குர்ஆன்மேல் சத்தியம் செய்துவிட்டாள். அவள் அன்று அடுத்த தெருவிலேயே நோன்பு திறந்துகொண்டிருந்தவள். நடந்தால்கூட உடனே வந்து சேர்ந்திருப்பாள். ஆக, நர்ஸ் மேல் தவறில்லை, பொத்தான்மேல்தான் தவறு, பொத்தான் தன்னுடையது என்ற இடத்துக்கு அவனாகவே வந்து சேர்ந்தான்.

“நான்தான் கொன்னுட்டேன் ஹாதெம்,” என்றான். பவ்வாப் என்று சொல்லவில்லை. “பச்சையா காட்டிட்டு உள்ள போகாம நின்னிருக்கு. என் கையால எழுதுனது. எங்க தப்பு பண்ணேன்னு தெரியலயே.”

நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். “நடக்கிறதுதான்” என்றேன். அவன் அப்படி நம்பியது என் குற்றமில்லை. நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அந்தப் பச்சை எழுத்தைத் தான் எழுதவே இல்லை என்பதுகூட அவன் மூளைக்கு எட்டவில்லை. துக்கத்தில் இருப்பவன் எதை எழுதினோம், எதை எழுதவில்லை என்றெல்லாம் நினைத்துப் பார்ப்பதில்லை. அவன் வேலைக்கு வருவதை நிறுத்தினான். சாப்பிடுவதை நிறுத்தினான் என்று பஸந்த் சொன்னாள். மக்தி அவன் மேஜையை எனக்குக் கொடுத்தார். ஜன்னல் ஓரம், காற்று வரும்.

நான் செய்த ஒரே கவனக்குறைவு டேப்லெட்டை மறந்ததுதான். அந்த வீட்டில் அது சார்ஜ் ஏறியபடி சுவரிலேயே இருந்தது. பக்கமும் மூடப்படாமல் அப்படியே திறந்திருந்தது. வாயெலைப் பார்க்கப் போன பஸந்த் அதைக் கழற்றி அலுவலகத்துக்கு எடுத்துவந்து, தன் கணினியோடு இணைத்து, அந்தப் பக்கத்தில் எங்கெங்கே எந்தக் கேட்பான் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாள். உள்ளறையில் வாயெலுடையது. தெருவாசலில் இன்னொன்று. பிறகு பக்கத்துக்குப் போன கட்டளைகளைப் பார்த்தாள், நான் அனுப்பிய வரி கிடைத்தது. அவள் கத்தவில்லை. நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

“பாஷ்மொஹந்திஸ், இதைக் கழட்டச் சொல்லி நீங்கதான் அனுப்பியிருக்கீங்க.”

“ஆமா.”

“கழட்டறதுக்கு மறுபடியும் அதே நிரலைப் புதுசா எழுதிக் கொடுத்திருக்கீங்க. பேரே இல்லாம.”

“ஆமா.”

 கெட்டிலுக்கு மேலே சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். என் கையெழுத்து எப்போதும் தெளிவாக இருக்கும்.

அதை உங்களுக்கும் விளக்கிவிடுகிறேன். ஒரு கேட்பானைக் கழற்ற வேண்டுமென்றால் முன்பு மாட்டிய அதே ஆளைக் காட்ட வேண்டும். பெயர் இருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். பெயரில்லாமல் மாட்டிவிட்டு, பிறகு எழுத்துக்கு எழுத்து அதே போல இன்னொன்றை எழுதிக் காட்டினால், இயந்திரத்துக்கு அவன் வேறு ஆள். அப்படி ஒருவனை நான் மாட்டவே இல்லையே என்று சும்மா இருந்துவிடும். பழையவன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பான். எங்கள் தொழிலுக்குப் புதிதாக வருகிற எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தவறு இது. நானும் செய்திருக்கிறேன், சோபா விஷயத்தில். கழற்ற உண்மையாகவே விரும்பியிருந்தால், பக்கத்தைப் புதிதாகத் திற என்று ஒரு சொல் அனுப்பியிருந்தால் போதும். எல்லாம் துடைத்துவிட்டது போலப் போயிருக்கும்.

அப்படியானால் எதற்காக அந்த வரியை எழுதினேன் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. பின்னால் யாராவது உங்களைப் போல ஒருவர், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ‘கழற்ற முயன்றாயா’ என்று கேட்டால், ‘முயன்றேன்’ என்று சொல்வதற்காக எழுதினேன். எழுதும்போதே அது கழலாது என்று தெரியும். அட்டையை ஒட்டியவன் நான். மேஜையில் போன் முதலில் அதிர்ந்தபோது எனக்கு ஆச்சரியம் எதுவும் ஏற்படவில்லை. கோளாறு என்று நினைத்ததாகச் சற்று முன்பு சொன்னேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள். யார் அழுத்துகிறார்கள் என்று தெரிந்துதான் சாப்பிட்டேன்.

இன்னொன்றும் மிச்சம் இருக்கிறது. டாக்டர் நக்வாவின் கைப்பழக்கத்தை வைத்துத்தான் அந்தக் கேட்பானை எழுதினேன் என்றேன். அதுவும் முழு உண்மை அல்ல. அன்று முஹர்ரம் பே வீட்டில், நான் சுவரில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தபோது, வாயெல் கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் விரலைத் தன் கையில் பிடித்துப் பொத்தான்மேல் வைத்துக் காட்டினான். “உம்மா, மூச்சு முட்டினா பயப்படாத. இதை விடாம அழுத்து. நான் காது கேக்கற தூரத்துல இல்லாட்டியும் யாராவது வர்ற வரைக்கும் அழுத்திக்கிட்டே இரு.” அவர் தலையாட்டினார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர், பச்சை நிறம் என்றால் சரி என்று மட்டும் தெரிந்தவர், மகன் சொன்னதை மனதில் வாங்கிக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போனதும் நிரலை எழுத உட்கார்ந்தேன். நான் கொன்றேன், பாஷா. வேறு யாரும் இல்லை, பொத்தானும் இல்லை. வாயெலிடம் அதைச் சொல்லிவிடுங்கள், அவன் சாப்பிடட்டும்.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரு விஷயத்தை நீங்களும் நேர்மையாக யோசித்துப் பார்க்க வேண்டும். பொத்தானுக்குக் கீழே நான் தெளிவாக எழுதித்தான் வைத்திருந்தேன். அவர் ஒரே ஒருமுறை அழுத்திவிட்டு அமைதியாகக் காத்திருந்திருந்தால் நர்ஸ் வந்திருப்பாள்.